ஸலாம் கொடுக்கும்போது கழுத்துப் பிடிக்கிறதா?



லுஹர் தொழுகையின் கடைசி இருப்பில் இருக்கிறீர்கள். வலப்பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் கொடுக்கிறீர்கள். தடையில்லாமல் திரும்புகிறது. இடப்பக்கம் திருப்பும்போது பாதி வழியில் கழுத்து நின்றுவிடுகிறது. மீதிப் பாதிக்குத் தோளையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. தொழுது முடிந்ததும் கை தானாகவே கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போய் ஓரிடத்தை அமுக்குகிறது. அங்கே, தோலுக்கு அடியில், ஊறவைத்த கடலை அளவில் ஏதோ ஒன்று உருள்கிறது. அமுக்கினால் வலிக்கிறது, ஆனால் அமுக்காமலும் இருக்க முடியவில்லை.

உங்களுக்கு இப்படி நடப்பதுண்டா? முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடியிருந்த சகோதரிகளிடம் இதைத்தான் கேட்டேன். யாரும் வாய் திறந்து பதில் சொல்லவில்லை. பலருடைய கைகள் ஒரே நேரத்தில் அதே இடத்துக்குப் போயின. பிறகு சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கதைக்கத் தொடங்கினார்கள். அஸர் பாங்கு சொல்லும்வரை பேச்சு முடியவில்லை!

"இது வாய்வு மகள். ஏறிப் பிடிச்சா மூண்டு நாளைக்குக் கிடக்கும்" என்றார் ஒரு மாமி. நம்மிடையே எல்லாம் வாய்வுதான். கழுத்தில் வந்தாலும் வாய்வு, நாரியில் வந்தாலும் வாய்வு, கெண்டைக்காலில் வந்தாலும் வாய்வு. வயிற்றில் உண்டாகும் வாயு தோளுக்கு எப்படி ஏறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. மாமியின் கண்டுபிடிப்பில் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் கைவைத்துக் காட்டிய இடம் மிகச் சரியான இடம். பெயர்தான் வேறு.

அது தசையில் விழுந்த ஒரு முடிச்சு. நம்முடைய தசை நூல் நூலான இழைகளால் ஆனது. வேலை செய்யும்போது இழைகள் சுருங்கும், வேலை முடிந்ததும் தளரும். அளவுக்கு மீறி வேலை வாங்கினாலோ, ஒரே நிலையில் மணிக்கணக்கில் வைத்திருந்தாலோ, சில இழைகள் சுருங்கியபடியே நின்றுவிடுகின்றன. சுருங்கி நிற்கும் இடத்தில் இரத்த ஓட்டம் குறைகிறது. இரத்தம் குறைந்தால் தளர்வதற்கு வேண்டிய சக்தி கிடைப்பதில்லை. தளர முடியாததால் மேலும் இறுகுகிறது. இப்படித்தான் அந்தக் கடலை உருவாகிறது என்று இந்த முறையை வளர்த்த வைத்தியர்கள் சொன்னார்கள்.

ஆங்கில வைத்தியத்தில் இதற்கு ‘ட்ரிகர் பொயின்ட்’ என்று பெயர். துப்பாக்கியின் விசையைத்தான் ட்ரிகர் என்பார்கள். விரல் அழுத்துவது ஓரிடத்தில். போய்த் தைப்பது வேறோரிடத்தில். வன்னியில் இருப்பவர்களுக்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை.

இந்த விஷயத்தில் வியப்பானதே அதுதான் சகோதரிகளே! முடிச்சு ஓரிடத்தில் இருக்கும். வலியோ வேறோரிடத்தில் தெரியும். தோளின் மேற்பக்கத் தசையில் முடிச்சு விழுந்தால் வலி கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, காதுக்குப் பின்னால் போய், நெற்றிப் பொட்டில் தலையிடியாக நிற்கும். நாம் தலையில் பாம் பூசுவோம், பெனடோல் போடுவோம், கண்ணாடியை மாற்றுவோம். தோளை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. தாடைத் தசையில் முடிச்சு விழுந்தால் பல்வலி போலவே வலிக்கும். குற்றமில்லாத பல்லைப் பிடுங்கிய பிறகும் வலி போகாது. பிட்டத்தின் ஆழத்தில் உள்ள சிறு தசையில் விழுந்தால் தொடையின் வெளிப்பக்கமாக இறங்கிக் கணுக்கால்வரை இழுக்கும். முள்ளந்தண்டு நரம்பு நசிந்துவிட்டது என்று பயந்துபோவோம். கெண்டைக்காலின் அடித்தசையில் விழுந்தால் காலையில் குதிக்காலை நிலத்தில் ஊன்ற முடியாது. தோளில் இருந்து கழுத்துக்குப் போகும் தசையில் விழுந்தால் முடிச்சு இருக்கும் பக்கத்துக்கே முகத்தைத் திருப்ப முடியாது. ஸலாம் கொடுக்கும்போது நின்றுவிடும் கழுத்து இதுதான்.

வலி இப்படி இடம் மாறித் தெரிவதை முதலில் ஒழுங்காகச் சோதித்தவர்களில் ஒருவர் கெல்கிரன் என்ற வைத்தியர். 1938இல் இலண்டனில், தொண்டர்களின் தசைகளில் உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றி, எங்கே வலிக்கிறது என்று அவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார். ஊசி குத்திய இடத்தை விட்டுத் தூரத்தில் வலிக்கிறது என்றே பலர் சொன்னார்கள்.

அதன் பிறகு இதைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஒரு பெண். அமெரிக்காவைச் சேர்ந்த டொக்டர் ஜனட் ட்ராவல். 1901இல் பிறந்தவர். முதலில் இருதய நோயிலும் மருந்தியலிலும் ஈடுபட்டிருந்தார். தனக்கே தோளிலும் கையிலும் வந்த வலியை ஆராயப்போய்த் தசைகளின் பக்கம் திரும்பினார். 1955இல் அவரிடம் ஒரு நோயாளி வந்தார். முதுகில் சத்திர சிகிச்சைகள் செய்தும் நிமிர முடியாத இளம் அரசியல்வாதி. அவர்தான் பின்னாளில் ஜனாதிபதியான ஜோன் கென்னடி. டொக்டர் ட்ராவல் அவருடைய தசை முடிச்சுகளுக்கு ஊசி போட்டார். அத்தோடு விடவில்லை. ஒரு கால் மற்றதைவிடக் கொஞ்சம் கட்டையாக இருப்பதைக் கவனித்துச் சப்பாத்தின் குதியை உயர்த்திக் கொடுத்தார். ஆடும் கதிரையில் உட்காரச் சொன்னார். கென்னடி 1961இல் ஜனாதிபதியானதும் வெள்ளை மாளிகையின் வைத்தியராக அவரையே நியமித்தார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவரே. டேவிட் சைமன்ஸ் என்ற வைத்தியருடன் சேர்ந்து அவர் எழுதிய பெரிய நூலின் முதற் பாகம் 1983இலும் இரண்டாம் பாகம் 1992இலும் வெளிவந்தன. எந்தத் தசையில் முடிச்சு விழுந்தால் வலி எங்கே போகும் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் படம் இருக்கிறது. முதற் பாகம் வந்தபோது அவருக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. 1997இல் காலமானார்.

அந்த நூலைப் படித்துத் தன்னுடைய தோள்வலியைத் தானே போக்கிக்கொண்ட இன்னொருவரும் உண்டு. கிளயர் டேவிஸ் என்ற பியானோ திருத்துபவர். வைத்தியப் படிப்பு இல்லாதவர். 2001இல், வீட்டில் இருப்பவர்கள் தங்கள் கையாலேயே செய்துகொள்ளும்படி ஒரு புத்தகம் எழுதினார். நானும் டொக்டர் அல்ல. பியானோ திருத்துபவருக்கு இது புரிந்ததென்றால், உரலில் மா இடித்து, கிணற்றில் தண்ணீர் அள்ளி, தையல் மெசின் மிதித்த நமக்குப் புரியாதா?

முடிச்சு விழுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் வன்னி நமக்குத் தாராளமாகக் கொடுத்திருக்கிறது. ஆழமான கிணறு, கப்பி இல்லாவிட்டால் வாளியை வெறும் கையால் இழுக்க வேண்டும். ஒரு பக்க இடுப்பில் குடம், அல்லது பிள்ளை. திருவலையில் குனிந்திருந்து தேங்காய் திருவுதல். வயலில் களை பிடுங்குதல். முல்லைத்தீவு மணலில் கச்சான் பிடுங்கும் காலத்தில் நாள் முழுக்கக் குந்தியிருத்தல். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவில் இருந்தும் கிளிநொச்சியில் இருந்தும் நம்மவர்கள் வெளியேற்றப்பட்டபோது தோளிலும் இடுப்பிலும் சுமந்து நடந்தது பிள்ளைகளைத்தான். புத்தளத்து முகாம்களில் குடத்தோடு வரிசையில் நின்ற வருடங்களும் அந்தத் தசைகளில்தான் இருக்கின்றன. 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்த தமிழ்ச் சகோதரிகளுக்கும் இதே வரிசை, இதே குடம். போருக்குப் பிறகு முகமாலையில் கண்ணிவெடி அகற்றிய ஹலோ ட்ரஸ்ட் அணிகளில் எத்தனையோ பெண்கள் முழந்தாளில் இருந்தபடியே மண்ணைச் சுரண்டினார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகள் காலையில் குனிந்த தலையை மாலையில் நிமிர்த்துகிறார்கள். நிமிர்த்தி வீட்டுக்கு வந்தால் போன்! அதற்கும் குனிகிறார்கள். காலை இழந்து ஊன்றுகோலில் நடப்பவர்களின் தோள்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

வேலையைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. இரத்தச்சோகை, தைரொய்ட் குறைவு, விற்றமின் டி குறைவு இவை இருந்தால் முடிச்சு இலேசில் அவிழாது, அவிழ்ந்தாலும் திரும்ப வரும் என்று இந்த முறையைக் கையாளும் வைத்தியர்கள் சொல்கிறார்கள். வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் சகோதரிகளே, முற்றத்தில் மறைவான இடத்தில் காலை வெயில் கொஞ்சம் கையிலும் முகத்திலும் படட்டும். நித்திரையின்மையும் கவலையும் தசையை இறுக்கும். இதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. கவலைப்படாதீர்கள் என்று கடிதத்தில் எழுதுவது சுலபம்.

அந்த விறாந்தையில் இருந்த ஒரு ராத்தாவின் கதையைச் சொல்கிறேன். அவர் தையல் வேலை செய்பவர். வலத் தோளின் முன்பக்கத்தில் ஆழமான உளைவு. கைவழியே இறங்கிப் பெருவிரல் பக்கம் வரும். முதுகுக்குப் பின்னால் கை போகாது. தலையை வாரக் கை உயராது. அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாது. இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்தார்கள். தேய்மானம் என்றார்கள். வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கி வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். ஆறு வருடங்களாகத் தோளின் முன்பக்கத்திலேயே எண்ணெய் தேய்த்து வந்திருக்கிறார்.

நான் அவருடைய தோளின் பின்பக்கம், தோள்பட்டை எலும்பின் நடுவில் பெருவிரலை வைத்து மெதுவாகத் தடவினேன். ஓரிடத்தில் துள்ளிவிட்டார். "முன்னுக்குத்தான் வலிக்குது, நீங்க பின்னுக்கு அமுக்குறீங்க" என்றார். அழுத்தியபடியே வைத்திருந்தேன். "ஓ ராத்தா, இதுதான், இதே வலிதான்" என்று தன் முன்தோளைப் பிடித்துக்கொண்டார். வயதில் அவர்தான் எனக்கு மூத்தவர். வலியில் என்னை ராத்தா என்று சொல்லிவிட்டார்!

அவருடைய மகனுடைய டெனிஸ் பந்து ஒன்றை எடுத்து ஒரு பழைய காலுறைக்குள் போட்டுக் கொடுத்தேன். சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, அந்த இடத்துக்கும் சுவருக்கும் நடுவில் பந்தை வைத்து அழுத்தச் சொன்னேன். இரண்டு கிழமை கழித்து முந்தானையைப் பின்னாலிருந்து தானே எடுத்துத் தலையில் போட்டதாகச் செய்தி அனுப்பினார். முழுவதும் சுகமாகவில்லை. பெருநாளைக்கு முன் தையல் ஓடர் குவியும்போது திரும்ப வருகிறது. ஆனால் இப்போது எங்கே அமுக்க வேண்டும் என்று தெரியும்.

அமுக்குவதற்கும் முறை இருக்கிறது. நம் பழைய கைமருத்துவத்தில் அழுத்தம் புதிதல்ல. சித்த வைத்தியத்தில் பிடித்து விடுவதற்குத் தொக்கணம் என்று பெயர். அதன் ஒன்பது வகைகளில் அழுத்தலும் ஒன்று. நமது உம்மம்மாமார் குதிக்காலாலும் முழங்கையாலும் செய்தது அதைத்தான். ஆனால் கண்ட இடத்தில் கண்டபடி தேய்ப்பது வேறு, முடிச்சைத் தேடிப் பிடித்து அழுத்துவது வேறு.

முதலில் இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுங்கள். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றியும் வைக்கலாம், உப்பை வறுத்துத் துணியில் முடிந்தும் வைக்கலாம், நொச்சி இலையும் நல்லது. தசை இளகிய பிறகு விரல் நுனிகளைத் தசையின் குறுக்கே மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். கயிறு போல இறுகிய ஒரு பட்டை தட்டுப்படும். அதன் வழியே போனால் மிகவும் நோகும் ஓரிடம் இருக்கும். அந்த இடத்தில் பெருவிரலையோ பந்தையோ வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். பல்லைக் கடிக்கும் அளவுக்கு வேண்டாம். மூச்சு அடைபட்டால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். ‘ஆ, இதுதான்’ என்று சொல்லத்தக்க வலி போதும். சூரா பாத்திஹாவை நிறுத்தி நிதானமாக ஒருமுறை ஓதும் நேரம், கூடினால் இரண்டு முறை, அப்படியே வைத்திருங்கள். வலி தானாகக் குறைவது தெரியும். பிறகு விட்டுவிடுங்கள். ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை செய்யலாம். ஒரே தடவையில் அரை மணித்தியாலம் நசித்தால் மறுநாள் கன்றிப்போய், நீலம் பாய்ந்து, என்னைத்தான் ஏசுவீர்கள்.

அழுத்தி முடிந்ததும் அந்தத் தசையை நீட்ட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஸலாம் கொடுக்கும்போது பிடிக்கும் கழுத்துக்கு, தாடையை எதிர்ப்பக்கத்து அக்குளைப் பார்த்துத் தாழ்த்தி, அப்படியே சில மூச்சு நேரம் இருங்கள். வெட்டி இழுக்க வேண்டாம்.

வீட்டுத் திட்ட வீடுகளில் சுவர் பூசாமல் கல்லாகவே இருந்தால் பூட்டிய கதவில் சாய்ந்துகொள்ளுங்கள். பிட்டத்துக்குப் பாயில் படுத்துப் பந்தை அடியில் வைக்கலாம். எண்ணெயைப் பற்றிக் கேட்பீர்கள். நல்லெண்ணெயோ இலுப்பெண்ணெயோ சித்தாலேபவோ, முடிச்சைக் கரைக்கும் சக்தி எதற்கும் இல்லை. கை வழுக்கிப் போகவும், சூடு உறைக்கவும் உதவும். நல்ல மணமும் மனசுக்கு இதம்தான். பந்து வைத்து அழுத்தும்போது மட்டும் எண்ணெய் வேண்டாம், பந்து நழுவும்.

பிள்ளைகளை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வயதான உம்மாமாரின் எலும்பு உள்ளே பஞ்சாகியிருக்கும். வேண்டவே வேண்டாம். கழுத்தின் முன்பக்கத்தையும், துடிப்புத் தெரியும் இடங்களையும் அழுத்தக்கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து நொந்தால், அதிலும் பிள்ளை பெற்ற கிழமைகளில், அதைப் பிடித்து விடக்கூடாது. இரத்த நாளத்துக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம்; அமுக்கினால் கட்டி நகர்ந்து நெஞ்சுக்குப் போகலாம். மார்பிலோ அக்குளிலோ தட்டுப்படும் கட்டி தசை முடிச்சு அல்ல. வெட்கப்படாமல் டொக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, கைகால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போதல், காரணமில்லாமல் மெலிதல் இவை இருந்தாலும் அப்படியே.

வன்னிக்கென்று ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ஷெல் துண்டுகளை உடம்பில் சுமந்துகொண்டு வாழ்பவர்கள் நம் அயலில் இருக்கிறார்கள். பிடித்து விடும்போது கடினமாக ஒன்று தட்டுப்பட்டால் அதை முடிச்சென்று நினைத்து நசிக்காதீர்கள். எங்கே காயம்பட்டது, துண்டு எடுத்தார்களா என்று முதலில் கேளுங்கள். சிலர் சொல்லமாட்டார்கள். காயத் தழும்பைக் கண்டால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

இனி, நான் சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்கிறேன்.

1996. புத்தளத்து ஆலங்குடாவில் கிடுகு வேய்ந்த கொட்டிலில் இருந்த காலம். ஓர் இரவு என் சாச்சி இடது தோள் உளைகிறது என்றார். பகலெல்லாம் தண்ணீர் சுமந்திருந்தார். "பிடிச்சு விடு மகள்" என்றார். எண்ணெயைச் சூடாக்கித் தோளைப் பிடித்து விட்டேன். தாடையும் உளைகிறது என்றார். தாடையையும் தடவினேன். வியர்த்துக் கொட்டியது, சூட்டு எண்ணெயால் என்று நினைத்தேன். வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். வாய்வு என்று இஞ்சித் தேநீர் கொடுத்தோம். இப்படியே நடுச்சாமம் தாண்டிப் போனது. அவர் என் கையை எடுத்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டே இருந்தார். வாகனம் தேடிப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். சாச்சிக்கு நாற்பத்தொன்பது வயது.

மாரடைப்பென்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்றுதான் எனக்கு அதுவரை தெரியும். பெண்களுக்கு அது பல சமயம் அப்படி வருவதில்லை. தோளில், தாடையில், முதுகில் உளைவாக வரும். மூச்சு வாங்கும், குமட்டும், காரணமில்லாமல் களைக்கும், குளிர்ந்து வியர்க்கும். தசை முடிச்சின் வலி அமுக்கினால் கூடும், கையை அசைத்தால் மாறும். இருதயத்தின் வலி அமுக்கினாலும் விட்டாலும் ஒன்றுதான். நடந்தால் கூடி, இருந்தால் குறையும் வலியையும் சந்தேகியுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் வரலாம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லையா? தெரியாவிட்டால் இருதயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள், போனை எடுங்கள். இப்போது வட மாகாணத்திலும் ‘சுவசெரிய’ அம்பியூலன்ஸ் இலவசமாக வருகிறது. அதன் இலக்கம் 1990. நம்மவர்கள் யாருக்கும் அந்த எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த இரவுக்குப் பிறகுதான் இவற்றையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன். எந்த வலியைக் கையால் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

படிக்கப் படிக்க இன்னொன்றும் தெரிந்தது. வைத்திய உலகம் முழுவதும் இந்த முடிச்சை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஒரே நோயாளியைத் தேர்ந்த சிலர் தனித்தனியே தடவிப் பார்த்தபோது எல்லோரும் ஒரே இடத்தைக் காட்டவில்லை என்று சோதனைகள் வந்தன. 2015இல் அவுஸ்திரேலியாவையும் அமெரிக்காவையும் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள், முடிச்சே வலியின் காரணம் என்ற கொள்கை நிற்காது, நரம்புகளையும் மூளையையும் பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். ஸ்கேனில் அந்த இடம் வேறுவிதமாகத் தெரிகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வாதம் முடியவில்லை. அழுத்தினால் பலருக்குச் சில நாட்களாவது வலி குறைகிறது. ஏன் குறைகிறது என்பதில்தான் சண்டை. என்னைப் பொறுத்தவரை, செலவில்லாத, வயிற்றைக் கெடுக்காத ஒரு வழியை அந்தச் சண்டை முடியும்வரை தள்ளிவைக்க மாட்டேன். ஆனால் இதைக் காட்டி, ‘ஒரே நாளில் எல்லா வலியும் போகும்’ என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களைக் கண்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இரண்டு மூன்று கிழமை செய்தும் குறையாவிட்டால் வைத்தியசாலைக்குப் போங்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் இயன்மருத்துவப் பிரிவு உண்டு, பணம் கட்டத் தேவையில்லை. முதலில் டொக்டரைக் கண்டு துண்டு எழுதி வாங்க வேண்டும். ஆணா பெண்ணா பார்ப்பார் என்று தயங்கி வருடக்கணக்கில் வலியோடு இருக்கும் சகோதரிகளை எனக்குத் தெரியும். பெண் இயன்மருத்துவர் இருக்கிறாரா, எந்த நாளில் வருவார் என்று தாதியிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. கேட்டதற்காக யாரும் கோபித்ததாக நான் அறியவில்லை. போகும்போது எங்கே வலி, எப்போது கூடும், எந்த வேலையில் வரும் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போனதும் பாதி மறந்துவிடும்.

வீட்டிலும் சிலதை மாற்றலாம். கிணற்றுக்கு ஒரு கப்பி போடச் சொல்லுங்கள். கணவரிடம் கேட்கும் நகையைவிட விலை குறைவு. குடத்தை இடுப்பு மாற்றிச் சுமந்து பழகுங்கள். பெரிய குடத்துக்குப் பதில் இரண்டு சிறிய வாளிகள் இரண்டு கைக்கும் சமன். திருவலையைப் பலகையில் பொருத்தி மேசையில் வைத்தால் குனிய வேண்டாம். தையல் மெசினில் இருப்பவர்கள் ஒரு சட்டை முடிந்ததும் எழும்பித் தோளைப் பின்பக்கமாகப் பத்துத் தடவை சுழற்றிவிட்டு அடுத்ததை எடுங்கள். வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுங்கள். இடைக்கிடை உங்கள் தோளையும் யாராவது பிடித்து விடட்டுமே!

முழங்காலைப் பற்றிப் பலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். ஸுஜூதில் இருந்து எழும்ப முடியாத முழங்கால் எல்லாம் தேய்மானம்தானா என்று வவுனியா சாளம்பைக்குளத்தில் இருந்து ஒரு சகோதரி கேட்கிறார். அதை இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் பார்ப்போம். அதுவரை அவர் தொடையின் முன்பக்கத்தை, முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, ஒத்தடம் கொடுத்துத் தடவிப் பார்த்து எனக்கு எழுதட்டும்.